மழையும் வேண்டும், மகளும் வேண்டும்

1981 நவம்பர் 6, வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றே முக்கால் மணிக்கு என் மகள் என் கையில் கிடந்து நடுங்கினாள். பிறந்து ஆறரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. அழவில்லை. கண்ணைத் திறக்கவில்லை. உதடு நீலம் பூத்திருந்தது. வெளியே ஊரே சிரித்துக்கொண்டிருந்தது, ஏனென்றால் இரண்டு மாதமாக வராத மழை முந்தின நாள் மாலையில்தான் வந்திருந்தது.

முருகன் அடியார்களே, நம் பங்குனி உத்திர மலருக்காக என் அனுபவத்தை எழுதும்படி கேட்டீர்கள். எனக்குத் தேதி போட்டு எழுதுகிற பழக்கம் உண்டு. 1968 முதல் மழை பெய்த அளவு, விதைத்த நாள், படித்து முடித்த புத்தகம், வீட்டில் நடந்த நல்லது கெட்டது எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வருகிறேன். ஆகவே இதில் வரும் மணிக்கணக்கு எதுவும் நினைவிலிருந்து சொல்வதல்ல. அந்த நோட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே பதினாறு மைல். பஸ் போகிற தார்ச்சாலைக்கும் ஊருக்கும் நடுவில் மூன்று மைல் கரிசல் வண்டிப்பாதை. அந்த வருஷம் புரட்டாசியில் மழையை நம்பிப் புழுதியிலேயே விதைத்துவிட்டோம். கம்பு, உளுந்து, பருத்தி. மழை வரவில்லை. விதையை எறும்பு இழுத்துக்கொண்டு போவதை வரப்பில் உட்கார்ந்து பார்த்தோம். அக்டோபர் 30 அன்று ஊர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய் மழைக்கஞ்சி எடுத்து, கோயில் முன்னால் காய்ச்சி, உப்பில்லாமல் குடித்தார்கள். நிறைமாதமாக இருந்த என் மனைவி செல்லத்தாயும் ஒரு கை மாவு போட்டாள். நானும் கழுகுமலை முருகன் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். அன்று நான் கேட்டது மழை மட்டும்தான்.

செல்லத்தாய்க்குப் பிரசவத்துக்கு நவம்பர் 16 என்று நாள் சொல்லியிருந்தார்கள். 9ஆம் தேதி திங்கள்கிழமை அவளைக் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போய், அவள் சித்தி வீட்டில் வைத்து, ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம். அதற்குக் காரணம் இருந்தது. 1977இல் எங்களுக்குப் பிறந்த ஆண் பிள்ளை இரண்டாம் நாளே போய்விட்டான். தோஷம் என்றார்கள். அதை நான் அப்போது நம்பினேன்.

நாள் பத்து நாள் முந்திவிட்டது. நவம்பர் 5, வியாழன், மாலை நான்கு மணிக்கு வலி கண்டது. பொய் வலியாக இருக்கும் என்றார்கள். இந்த இடத்தில் என் புத்தியைச் சொல்லியாக வேண்டும். பிறந்த பிள்ளைக்கு முதல் சேனை தொட்டு வைப்பது நம் பக்கத்து வழக்கம். தாய்ப்பாலுக்கும் முன்னால் யாராவது ஒருவர் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு அதன் நாக்கில் வைப்பார். வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். என் பிள்ளைக்குப் படிப்பு வர வேண்டும் என்று எனக்கு ஆசை. குளத்தூரில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எனக்குப் புத்தகங்கள் இரவல் தருகிறவர். அவர் கையால்தான் சேனை என்று, செல்லத்தாய் மாசமாக இருக்கும்போதே நான் பேசி வைத்துவிட்டேன். வலி கண்டதும் அவரைக் கூட்டி வர ஆளை பஸ்ஸில் அனுப்பினேன். அந்த ஆளோடு செல்லத்தாயையும் தார்ச்சாலைக்குக் கூட்டிப்போய், எதிர்த்திசை பஸ்ஸில் கோவில்பட்டிக்கு ஏற்றியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை.

ஆறு மணிக்கு மழை பிடித்தது. வெள்ளி காலை ஐந்து பத்துக்குப் பிள்ளை பிறந்தது. பெண். சின்ன உருவம். ஒரு முறை நன்றாக அழுதது. மருத்துவச்சி மாடத்தியக்கா குளிப்பாட்டித் துணியில் சுற்றிக் கொடுத்தார். மழையைக் கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை என்று ஊரே வந்து பார்த்தது. பார்த்துவிட்டு ஏர் பூட்டவும் வரப்பு அடைக்கவும் ஓடியது. எல்லோர் முகத்திலும் அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் பிள்ளை ஒரு சொட்டும் குடிக்கவில்லை என்பதை யாரும் நினைக்கவில்லை.

செல்லத்தாய்க்குப் பால் சுரந்தது. மஞ்சளாக, கெட்டியாக வருகிற அந்தச் சீம்பாலைப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது என்று பீச்சிச் சுவரில் விட்டார்கள். அதுவும் வழக்கம்தான். மாடத்தியக்கா மட்டும் இரண்டு தடவை என்னிடம் வந்தார். எட்டு மணிக்கு ஒரு தடவை, ஒன்பதரைக்கு ஒரு தடவை.

“இந்த மழையில வாத்தியாரு எங்கன இருந்து வருவாரு? நீங்களே தொட்டு வையுங்க அண்ணாச்சி. பிள்ளைக்கு நாக்கு காயுதுல்லா.”

பத்து மணி பஸ்ஸில் வந்துவிடுவார் என்று இரண்டு தடவையும் நான்தான் தடுத்தேன். அடியார்களே, வேறு யார் மேலும் பழி போட எனக்கு வழியில்லை.

பதினொன்றே முக்காலுக்குச் செல்லத்தாய் என்னை உள்ளே கூப்பிட்டாள். சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை.

“இங்கன வாங்க. கையப் பாருங்க, எப்படி நடுங்குதுன்னு. போன தடவை மாதிரியே இருக்கு.”

குளிருக்குத்தான் நடுங்குகிறது, கணப்புப் போட்டால் சரியாகும் என்று வந்திருந்த பெண்கள் சொன்னார்கள். நான் பெட்டியைத் திறந்து 1977 நோட்டை எடுத்தேன். மூன்று வரி எழுதியிருந்தேன். ‘கை கால் நடுக்கம். பால் குடிக்கவில்லை. மாலையில் கண் மேலே செருகியது.’ அதற்கு அடுத்த நாள் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

உடனே சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நானே வைத்தேன். பிள்ளை சப்பவில்லை. கடைவாய் வழியாக வழிந்துவிட்டது. செல்லத்தாய் மார்பில் போட்டுப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

என் மச்சான் சுப்பையா, செல்லத்தாயின் அண்ணன், வண்டியைப் பூட்டிப் பார்த்தார். கரிசல் நனைந்தால் என்ன ஆகும் என்று நம் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சக்கரம் நாலு சுற்றுச் சுற்றுமுன் மண் அப்பி உருளையாகி நின்றுவிட்டது. மாடு முழங்கால் வரை புதைந்தது.

நான் சாமி படத்தின் முன்னால் போய் நின்றேன். மழையை நிறுத்து முருகா என்று கேட்கத்தான் போனேன். வாய் வரவில்லை. ஒரு வாரத்துக்கு முன்னால் உப்பில்லாக் கஞ்சி குடித்து ஊரே அழுது கேட்ட மழை அது. வாசலுக்கு வெளியே அறுபது வீட்டு விதை அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. என் ஒரு பிள்ளைக்காக அதை நிறுத்தச் சொல்ல நான் யார்? பிள்ளை போனாலும் போகட்டும் என்று சொல்லவும் மனம் இல்லை. இரண்டில் ஒன்றைக் கேட்பதுதான் மரியாதை என்று அதுவரை நினைத்திருந்தேன். நிறையக் கேட்டால் சாமி கோபித்துக்கொள்வார் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது.

கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “முருகா, மழையும் வேணும், பிள்ளையும் வேணும். எனக்கு ரெண்டுல ஒண்ணைக் கழிக்கத் தெரியல. அவளுக்கு முடி இறக்க உன் மலைக்குக் கூட்டிட்டு வாரேன்.” அவ்வளவுதான் என் பிரார்த்தனை. அரை நிமிஷம்கூட இருக்காது.

திரும்பியபோது மச்சான் கயிற்றுக் கட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். “வண்டி நூறு அடி தாண்டாது மாப்பிள்ளை. தூக்கிருவோம்” என்றார். அவர் பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். மழை பெய்த முதல் நாளில், ஒவ்வொருவனுக்கும் தன் புஞ்சையில் தலைபோகிற வேலை இருக்கிற நேரத்தில், ஏரை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவர்களை யார் கூப்பிட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுகிறார்.

பன்னிரண்டே முக்காலுக்குப் புறப்பட்டோம். கட்டிலில் செல்லத்தாய் படுத்திருந்தாள். பிள்ளையை அவள் வெறும் மார்பின் மேல் வைத்து, சேலையைச் சுற்றி, மேலே சாக்குகளைப் போட்டு மூடினோம். அந்தச் சூடு குறையாமல் இருந்ததும் பிள்ளையைக் காப்பாற்றியது என்று பிறகு ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருவர் சொன்னார். நான்கு பேர் தூக்க, நான்கு பேர் மாற்றிக்கொள்ள, ஒவ்வொரு அடியிலும் கால் இரண்டு படி மண்ணை அள்ளிக்கொண்டு வந்தது. நூறு அடிக்கு ஒரு தடவை நின்று குச்சியால் வழித்தெறிந்தோம். கட்டிலின் ஒரு காலைத் தூக்கி வந்த காளிமுத்து என்பவர் வழுக்கி முழங்காலில் விழுந்தார், கட்டிலைச் சாயவிடவில்லை. அந்த நிலையிலும் பக்கத்தில் இருந்தவர், “ஏலே, சாமி கும்பிடுத எடமா இது, எந்திரி” என்றார். செல்லத்தாய்கூடச் சிரித்துவிட்டாள்.

கோவில்பட்டி பஸ் தார்ச்சாலையைத் தாண்டும் நேரம் மூன்று பத்து. அது போய்விட்டால் அடுத்தது ஆறு மணிக்கு மேல். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மூன்று பத்துக்கு இன்னும் அரை மைல் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. தார்ச்சாலையில் கால் வைத்தபோது மூன்று முப்பத்தைந்து. சாலை காலியாகக் கிடந்தது. நான் மைல்கல்லில் உட்கார்ந்து அழுதேன். என் வாழ்நாளில் அந்தப் பதினைந்து நிமிஷம் போல ஒன்றை நான் பார்த்ததில்லை.

மூன்று ஐம்பதுக்கு பஸ் வந்தது. போய்விட்டது என்று நான் நினைத்த அதே பஸ். வழியில் ஓடைத் தண்ணீர் சாலைக்கு மேல் போனதால் நாற்பது நிமிஷம் காத்து நின்றுவிட்டு வந்திருக்கிறது.

இதை மெதுவாகப் படியுங்கள். அன்று நான் நினைத்தபடி மழையை நிறுத்தச் சொல்லி, அவரும் மனமிரங்கி நிறுத்தியிருந்தால், ஓடை வடிந்திருக்கும். பஸ் தன் நேரத்துக்குப் போயிருக்கும். பாதையில் மண் மட்டும் அப்படியேதான் ஒட்டியிருக்கும், கரிசல் ஒரு பகலில் காயாது. எந்த மழையை என் பகை என்று நினைத்தேனோ, அந்த மழைதான் பஸ்ஸைப் பிடித்து வைத்திருந்தது.

ஐந்து ஐந்துக்குக் கோவில்பட்டி. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா பிள்ளையை வாங்கிப் பார்த்தார். வயதில் என்னைவிடச் சின்னவர். குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்னக் காகிதப் பட்டையில் வைத்தார். நிறம் மாறவே இல்லை. ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்றார். பிறந்த பிள்ளையின் உடம்பில், அதுவும் நாள் முந்திப் பிறந்த சின்னப் பிள்ளையிடம், சேமிப்பு என்று அதிகம் இருக்காதாம். சில மணி நேரத்தில் தீர்ந்துவிடுமாம். பால் போகவில்லை என்றால் மூளைக்கு எரிய ஒன்றும் இல்லாமல் நடுக்கம் வருமாம், பிறகு வலிப்பு வருமாம். பிறகு என்ன வரும் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

கடைசியாக எப்போது என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். நான் நோட்டை எடுத்து வாசித்தேன். ஐந்து பத்துக்குப் பிறப்பு. ஐந்து நாற்பதுக்குக் குளியல். ஆறே காலுக்கு ராசி நட்சத்திரம் குறித்தது. எட்டு மணி வரை மழை இரண்டேகால் அங்குலம். எல்லாம் இருந்தது. பிள்ளை குடித்ததாக ஒரு வரி இல்லை. ஏன் கொடுக்கவில்லை என்றார். வாத்தியார் கதையைச் சொன்னேன்.

டாக்டரம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “பள்ளிக்கூடத்துல சேக்க இன்னும் அஞ்சு வருசம் கெடக்கு. அதுக்குள்ள வாத்தியாருக்காகப் பட்டினி போட்டுட்டீங்களாக்கும்?”

குளுக்கோஸ் ஏற்றக் கையில் நரம்பு கிடைக்கவில்லை. காலிலும் கிடைக்கவில்லை. இரண்டு தடவை ஊசி வெளியே வந்துவிட்டது. அப்போது பாக்கியம் என்கிற நர்ஸ் தலையில் பார்க்கலாம் என்றார். அந்த இடத்தில் முடியை மழிக்க வேண்டும். செல்லத்தாய் கலங்கிவிட்டாள். “அது சாமிக்கு நேர்ந்த பிறப்பு முடியில்லா” என்றாள். பாக்கியம் கையில் பிளேடோடு நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

“எந்தச் சாமிக்கு?”

கழுகுமலை முருகனுக்கு என்றேன்.

“நானும் அவரு ஆளுதான். மொத்தத்தையும் மலையில இறக்குங்க. இந்த ஒரு ரூவா அகலத்த நான் இப்ப இறக்கிக்கிடுதேன். அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு.”

மழித்த முடியைக் காகிதத்தில் மடித்து என் கையில் வைத்தார். அந்த இடத்தில் பச்சையாக ஒரு நரம்பு தெரிந்தது. முதல் குத்திலேயே ஊசி நின்றது. முடி இறக்குகிறேன் என்று நான் வாய்விட்டுச் சொல்லி ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை. இதை நான் வேறு எப்படி எடுத்துக்கொள்ள முடியும்?

குளுக்கோஸ் இறங்கிய சில நிமிஷத்தில் நடுக்கம் நின்றது. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு என் மகள் அழுதாள். சின்ன அழுகை இல்லை. ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற அழுகை. வராந்தாவில் மண் அப்பிய காலோடு உட்கார்ந்திருந்த எட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள். மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டை இவ அப்பா வீட்டுத் தொண்டை என்று சொன்னார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் செல்லத்தாயின் சீம்பாலை டம்ளரில் பீச்சச் சொல்லிப் பாக்கியம் வாங்கினார். “இந்தத் தங்கத்தைத்தான் செவுத்துக்குக் குடுத்தீங்களா?” என்றார். பாலாடையில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். பிள்ளை சப்பிக் குடித்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கடைசிச் சொட்டு முடிந்ததும் பாக்கியம் எங்களிடம் திரும்பி, “சேனை வச்சது நான்தான், ஞாபகம் வச்சுக்கிடுங்க. என் வாயும் சேந்து வந்தா என்ட்ட வந்து சண்டைக்கு நிக்கக் கூடாது” என்றார்.

தலைமையாசிரியர் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். வெள்ளத்தில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டவர். நடந்ததைக் கேட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். என் பேரைச் சொல்லியா பிள்ளையைப் பட்டினி போட்டீர்கள் என்று என்னைத் திட்டினார். நாற்பது வருஷம் பிள்ளைகளைத் திட்டிய வாய். நன்றாகவே வாங்கிக்கொண்டேன்.

மூன்று நாள் குளுக்கோஸ் ஓடியது. பிறகு தாய்ப்பால் போதும் என்றார்கள். நவம்பர் 12, வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. தார்ச்சாலையில் இறங்கி ஊருக்கு வருகிற வழியில் இரண்டு பக்கமும் பார்த்தேன். கறுப்பு மண்ணில் கோடு கோடாகப் பச்சை. எறும்பு தின்றது போக மிச்சம் எல்லாம் முளைத்திருந்தது. செல்லத்தாய் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள், அதற்கு என்ன தெரியும். நான் வரப்பில் விழுந்து கும்பிட்டேன். கேட்ட இரண்டையும் ஆறே நாளில் கையில் கொடுத்துவிட்டார்.

மகளுக்கு வள்ளி என்று பெயர் வைத்தோம். தை மாதம் கழுகுமலைக்குப் போய் முடி இறக்கினோம். காகிதத்தில் மடித்து வைத்திருந்ததையும் அதோடு சேர்த்துப் போட்டேன். இப்போது அவளுக்கு ஆறு முடிந்து ஏழு நடக்கிறது. நன்றாகப் படிக்கிறாள். அதைவிட நன்றாகப் பேசுகிறாள். வாரத்துக்கு ஒரு தடவையாவது செல்லத்தாய், “ஏட்டி, நர்ஸம்மா வாயை அங்கனயே விட்டுட்டு வந்திருக்கக் கூடாதா” என்கிறாள்.

என் மூத்த பிள்ளையை நான் மறக்கவில்லை. அவனைத் தோஷம் கொண்டுபோகவில்லை என்று இப்போது தெரியும். டாக்டரம்மாவிடம் அவனைப் பற்றியும் கேட்டேன். அவர் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். முருகன் எனக்குக் கொடுத்தது ஒரு பிள்ளையின் உயிரை மட்டுமில்லை, கண்ணையும்தான் என்று அன்று நினைத்தேன். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் நானும் செல்லத்தாயும் அந்த வீட்டுக்குப் போகிறோம். சேனை வைப்பதை நாங்கள் தடுக்கவில்லை. தாய்ப்பால் முதலில், சேனை எப்போது வேண்டுமானாலும் என்று சொல்கிறோம். சொன்னதும் எல்லோரும் கேட்பதில்லை.

இந்தத் தை மாதம்கூட ஒரு வீட்டில் நடந்தது. தாய்மாமன் சிவகாசியிலிருந்து வர வேண்டும், அதுவரை பொறுக்க வேண்டும் என்று பெரியவர் ஒருவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் சாஸ்திரம் கேட்டார். செல்லத்தாய் எங்கள் இரண்டு பேரையும் தாண்டி உள்ளே போனாள். “மாமா வந்து மொய் எழுதட்டும், நீ பாலைக் குடுட்டி” என்று அவள் சொன்னது வெளியே கேட்டது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை சப்புகிற சத்தமும் கேட்டது. பெரியவர் பேச்சை நிறுத்தினார். பிறகு அந்தச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்து அவரே சிரித்துவிட்டார்.

அடியார்களே, உங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் முதலில் அதைத் தாயின் மார்பில் விடுங்கள். நடுங்கினால், குடிக்காமல் துவண்டு கிடந்தால், குளிர் என்று சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள். தாயோடு சேர்த்துச் சூடாக மூடித் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஓடிக்கொண்டே அவரைக் கூப்பிடுங்கள். உங்களுக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாவற்றையும் சொல்லுங்கள். கூச்சப்பட்டு ஒன்றையும் குறைத்துக் கேட்காதீர்கள்.